மஞ்சு மரபும் தொடக்கப்பள்ளி ஓவியக் கல்வியும்

1644 முதல் 1912 வரை சீனத்தை ஆண்ட சிங் அரச மரபு மஞ்சு மக்களுடையது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்தம் தொகை ஒரு கோடிக்கு மேற்பட்டது. ஆயினும் மஞ்சு மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் மிகச் சில முதியோரே. இந்நிலையில், தாள்வெட்டுக் கலையைத் தொடக்கப்பள்ளிச் சிறார்க்குப் பயிற்றின் மரபு நிலைக்கும் என்பார் உளர். இக்கொள்கையின் வன்மையும் மென்மையும் ஈண்டு ஆராய்தற்குரியன.

மொழி தளர்ந்தவழியும் கை மறவாது என்பது இக்கொள்கையின் வன்மை. இதனை யாமும் உடன்படுகின்றோம். கத்தரிக்கோலும் தாளும் எளியோர்க்கும் கிட்டுவன. வீட்டில் மஞ்சு மொழி கேளாத சிறாரும் முன்னோர் உருவை ஆக்கிப் பழகலாம். ஆனால், பெயரறியாது வெட்டிய உருவம் வெறும் அணியாய் முடியும். குடியின் மூத்த பெண்டிர் உருவம் இக்கலையில் சிறப்பிடம் பெறுவது. பாட்டியை 'மாமா' என்பது மஞ்சு வழக்கு. அச்சொல்லை அறியாச் சிறார்க்கு அவ்வுருவம் யாரோ ஒரு பெண். அறிந்தார்க்கோ தம் குடிமுதல்வி.

இக்குறை நீக்கும் வழி அம்மரபிலேயே உளது. மஞ்சு எழுத்து 1599இல் நூர்ஹாசியின் ஆணையால் மங்கோலிய எழுத்தினின்று அமைக்கப்பெற்றது. 1632இல் தாஹை என்பார் புள்ளியும் வட்டமும் இட்டு அதனைத் திருத்தினார். மேலிருந்து கீழாக ஓடும் அவ்வெழுத்தே ஒரு கோட்டோவியம். ஓவிய வகுப்பில் உருவின் அருகே அதன் பெயரை அவ்வெழுத்தில் வரையவும் வாய்விட்டு ஒலிக்கவும் செய்யின், கையும் நாவும் ஒருங்கே பயிலும். ஓவியம் மொழிப் பாடத்துக்கு ஈடாகாது, அதற்கு வாயிலாகலாம். வாயிலையே மனையெனக் கொள்வார் முயற்சி கண்காட்சியோடு அமைந்துவிடும் என்பது எம் கருத்து.