வசைப்பாட்டா, வாழ்க்கைப் பாட்டா?

அரசைப் பழித்துப் பாடிய பாட்டு எத்தனை காலம் உயிர் வாழும்? பழிக்கப்பட்ட அரசு வீழும் நாள்வரை வாழும் என்பதே பொதுவான விடை. பழிக்கப்பட்டவன் பெயரை உலகம் மறந்ததும், பழித்தவன் பாட்டுக்கும் வேலை இல்லாமற் போய்விடுகிறது. இவ்விதிக்குத் தப்பிய பாடல்கள் சிலவே. அவை எவ்வாறு தப்பின என்று ஆராய்வது இலக்கியம் பயிற்றுவோர்க்குப் பெரிதும் பயன்தரும். அவ்வாராய்ச்சிக்கு உரிய ஒன்றாக, ‘கிரீன் டே’ என்னும் அமெரிக்க இசைக்குழு 2004ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வெளியிட்ட ‘அமெரிக்கன் இடியட்’ என்னும் பாடல் தொகுதியை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ‘அமெரிக்க மூடன்’ என்பது அத்தலைப்பின் பொருள்.

பங்க் இசையும் இக்குழுவும்

பங்க் இசை 1970களின் இடைப்பகுதியில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் தலையெடுத்தது. ராக் இசை அந்நாளில் நீண்ட வாசிப்பும் பெருஞ்செலவும் உடையதாக வளர்ந்துவிட்டது. அதனை வெறுத்த இளைஞர்கள், கிதாரில் மூன்று சுரக்கூட்டுகளைப் பிடிக்கத் தெரிந்தாற் போதும், மேடையேறலாம் என்றனர். பாட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும், வேகம் மிகுதி, சொல் கடுமை. 1977ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசியின் வெள்ளி விழாவின்போது ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ குழுவினர் அரசியைச் சாடிப் பாடிய பாட்டை பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது. அரசியல் சினம் இவ்விசையோடு உடன்பிறந்தது என்பதற்கு அஃதொரு சான்று.

‘கிரீன் டே’ குழு இம்மரபின் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், மைக் டர்ன்ட் என்னும் இரு பள்ளித் தோழர்கள் 1987இல் கலிபோர்னியாவில் இதனைத் தொடங்கினர். 1990இல் டிரே கூல் முரசு வாசிக்க வந்து சேர்ந்தார். பெர்க்லி நகரில் கில்மன் தெருவில் உள்ள ஓர் எளிய மன்றமே இவர்களின் பயிற்சிக்களம். பெரிய வணிக நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்த குழுக்களை அம்மன்றம் அந்நாளில் மேடையேற்றவில்லை. 1994இல் ‘ரிப்ரைஸ்’ என்னும் பெருநிறுவனத்தின் வழியாக ‘டூக்கி’ என்ற தொகுதி வெளிவந்து பெரும்புகழ் ஈட்டியது. பழைய மன்றத்தின் கதவு இவர்களுக்கு அடைபட்டது. 2000இல் வெளிவந்த தொகுதியின் விற்பனை குறைந்தது. பின்னர்ப் புதிதாகப் பதிவு செய்த பாடல்களின் மூலநாடாக்கள் திருட்டுப்போயின. அவற்றை மீண்டும் பாடிப் பதிவதை விடுத்து, வேறொன்றை முதலிலிருந்து தொடங்க முனைந்தனர். அம்முயற்சியின் பயனே நாம் ஆராயும் தொகுதி. அப்போது ஆம்ஸ்ட்ராங்குக்கு வயது 32. இளமைச் சினத்தைப் பாடிப் பிழைத்த குழுவுக்கு அது முதுமை என்றே சொல்லலாம்.

பாட்டுப் பிறந்த காலம்

2001 செப்டம்பர் 11இல் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவை அச்சம் ஆட்கொண்டது. ஆபத்தின் அளவைப் பச்சை முதல் சிவப்பு வரை ஐந்து நிறங்களால் அறிவிக்கும் முறையை அரசு 2002இல் கொண்டுவந்தது. 2003 மார்ச்சில் ஈராக்கின்மீது போர் தொடங்கியது. பேரழிவுக் கருவிகள் அங்கே உள்ளன என்பதே போருக்குச் சொல்லப்பட்ட காரணம். தேடியும் அவை அகப்படவில்லை. படையோடு உடன்சென்ற செய்தியாளர்கள் போர்க்களத்தை வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தனர். உணவு உண்டவாறே மக்கள் போர் பார்த்தனர்.

இந்நிலையை எதிர்த்தே தொகுதியின் முதற்பாட்டு எழுகிறது. மூன்று நிமிடத்திற்கும் குறைந்த பாட்டு. தொலைக்காட்சி எதைச் சொன்னாலும் நம்பும் மூடனாக இருக்க மறுப்பதாக ஒருவன் முழங்குகிறான். குடியரசுத் தலைவர் புஷ்ஷின் பெயர் அதில் இல்லை. ஆயினும் கேட்டவர் அனைவரும் பொருளை உணர்ந்தனர். 2004 நவம்பரில் தேர்தல் நடந்தது. புஷ் மீண்டும் வென்றார். பாட்டின் பயன் வாக்குப்பெட்டியால் அளக்கப்படுமாயின் இத்தொகுதி தோற்றது எனல் வேண்டும். தோற்றபின்னும் அது மேன்மேலும் பரவியதே நாம் விளக்க வேண்டிய செய்தி.

இருவகை அங்கதம்

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம் என்றும் பழிகரப்பு அங்கதம் என்றும் இரண்டாக வகுத்தார். வெளிப்படையாக வசைகூறுவது முன்னது. பழியை மறைத்துக் கூறுவது பின்னது. இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், முதற்பாட்டு ஐயமின்றிச் செம்பொருள் அங்கதம். ‘ஹாலிடே’ என்னும் மூன்றாம் பாட்டோ இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. போரை விடுமுறைக் கொண்டாட்டமாகக் காட்டும் அப்பாட்டின் இடையே இசை அடங்கி, சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பேசுவதுபோல ஒரு குரல் எழுகிறது. மாற்றுக் கருத்தினரை ஒழிப்பதே நாட்டுப்பற்று என்பதுபோல் அக்குரல் பேசுகிறது. ஆள்வோரின் வாயாலேயே ஆள்வோரைப் பழிக்கும் இவ்வுத்தி, முதற்பாட்டின் நேர்வசையைவிட ஆழமாகத் தைக்கிறது.

இதன் பின் வருவதுதான் இத்தொகுதியின் மிகச்சிறந்த இடம். ‘ஹாலிடே’ முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்குவதற்கு இடைவெளியே இல்லை. ஒன்றன் வாலில் மற்றொன்று தொடுக்கப்பட்டுள்ளது. அடுத்த பாட்டின் பெயர், தமிழிற் சொன்னால், ‘சிதைந்த கனவுகளின் வீதி’. கூட்டத்தோடு கூச்சலிட்டவன் மறுநொடியில் ஆளில்லாத் தெருவில் தனியே நடக்கிறான். வேகம் தளர்கிறது, குரல் தணிகிறது. எதிர்ப்பு ஊர்வலம் கலைந்தபின் ஒவ்வொருவனும் வீடு திரும்பும் தனிமையை இத்தொடுப்பு ஒரு சொல்லும் விளக்காமலே உணர்த்திவிடுகிறது. 2006ஆம் ஆண்டின் கிராமி விழாவில் சிறந்த இசைப்பதிவுக்கான பரிசு இவ்விரண்டாம் பாட்டுக்கே கிடைத்தது. தனியே கேட்டாலும் இனிமையானதுதான். ஆயின் முன்னதன் ஆரவாரத்தோடு சேர்த்துக் கேட்பவரே அதன் முழுப் பொருளையும் அடைவர்.

கதையும் மாந்தரும்

பதின்மூன்று பாடல்களும் ஒரு கதையாகக் கோக்கப்பட்டவை. ராக் இசையில் இம்முறை புதிதன்று. ‘தி ஹூ’ குழுவினர் 1969இலேயே ‘டாமி’ என்னும் கதைத்தொகுதியை வெளியிட்டனர். மூன்று நிமிடப் பாட்டையே மரபாகக் கொண்ட பங்க் குழு ஒன்று ஒன்பது நிமிடப் பாட்டுக்கள் இரண்டை, ஒவ்வொன்றும் ஐந்து பகுதிகளாக, அமைத்ததுதான் துணிவு.

கதைத்தலைவன் ‘புறநகரின் ஏசு’ என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் இளைஞன். தொலைக்காட்சிக்கும் போதைக்கும் இடையே வளர்ந்தவன். ஊரை வெறுத்து நகருக்கு ஓடுகிறான். அங்கே ஜிம்மி என்னும் கலகக்காரன் அவனை ஆட்கொள்கிறான். ஜிம்மி இவன் மனத்தின் மறுபாதியே என்று கொள்ளவும் இடமுண்டு. பின்பு ஒரு பெண் வருகிறாள். அவளும் உலகை எதிர்ப்பவளே. ஜிம்மியின் எதிர்ப்போ தன்னையே எரிப்பது; அவளுடையது கொள்கையில் ஊன்றியது. அவள் இவனை விட்டு நீங்குகிறாள். ஜிம்மி மாள்கிறான். தலைவன் ஓர் அலுவலகத்தில் படிவங்களை நிரப்பும் நிலைக்கு வந்து, முடிவில் ஊர் திரும்புகிறான். இறுதிப் பாட்டில் ஆண்டுகள் பல கழிந்துவிட்டன. அப்பெண்ணின் முகம் நினைவில் நிற்கிறது. பெயர் நினைவில் இல்லை. ‘பேர் என்னவோ, அவள்’ என்பதே அவளுக்குத் தொகுதி தரும் பெயர்.

முதற்பாட்டின் முழக்கத்தையும் இம்முடிவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நாட்டின் மூடத்தனத்தைச் சாடத் தொடங்கியவன், கொள்கையோடு வாழ்ந்த ஒருத்தியின் பெயரைக்கூடக் காத்துக்கொள்ள இயலாதவனாய் முடிகிறான். செய்வதற்கு வேலையும் சேர்ந்து நிற்கத் துணையும் கிடையாத சினம் முதலில் தன்னைத் தின்கிறது, பின் மறதியாகிறது. ஆள்வோருக்கு அடக்குமுறையைக் காட்டிலும் பெருந்துணை அம்மறதியே. இத்தொகுதியின் அரசியல் இங்கேதான் இருக்கிறது. உறையின்மேல் ஒரு கை இதய வடிவான கைக்குண்டைப் பற்றியிருக்கும் ஓவியமும் இப்பொருளையே குறிக்கிறது: குண்டு பிறர்மேல் வீசப்படுமுன் பிடித்த கையிலேயே வெடிக்கலாம்.

தந்தையின் நினைவு

இக்கதைக்குப் புறம்பானதுபோல் தோன்றும் ஒரு பாட்டும் உண்டு. ஆம்ஸ்ட்ராங்கின் தந்தை 1982 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தார்; மகனுக்கு அப்போது வயது பத்து. செப்டம்பர் கழியும்வரை தன்னை எழுப்ப வேண்டாம் என்ற கருத்தமைந்த அப்பாட்டில் அரசியல் ஏதும் இல்லை. எனினும் கேட்டவர் பலர் அதனை 2001 செப்டம்பரின் துயரமாகவே கொண்டனர். 2005இல் அதற்கெனப் படமாக்கப்பட்ட காட்சி, ஈராக்குக்குச் சென்ற வீரனையும் அவன் காதலியையும் காட்டிற்று. அவ்வாண்டு கத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, வீடிழந்தோர் துயருக்கும் அதே பாட்டுப் பொருந்தி நின்றது. ஒருவனுடைய சொந்தத் துயரம் உண்மையாக இருப்பின் ஊரார் துயரமெல்லாம் அதனுள் இடம்பெறும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

குறைகள்

இத்தொகுதிமேல் சாட்டப்படும் குற்றங்களுள் ஒன்று, செய்தித்துறையின் பெருமுதலாளிகளைச் சாடும் பாட்டைப் பெருமுதலாளி நிறுவனமே விற்றது என்பது. தொலைக்காட்சியைப் பழித்த பாடல்கள் இசைத் தொலைக்காட்சி வழியாகவே புகழ்பெற்றன என்பதும் உண்மை. இம்முரண்பாட்டைப் பாடகர்கள் மறைக்கவில்லை, கடக்கவும் இல்லை. ஆயினும் பாட்டின் தரத்தை அதனை விற்ற கடையால் அளப்பது முறையன்று.

பெருங்குறை வேறு. போரை எதிர்க்கும் இத்தொகுதியில் குண்டு விழுந்த நாட்டின் மனிதன் ஒருவனும் இல்லை. பாக்தாதின் ஒரு தெருவோ, ஒரு தாயின் குரலோ கேட்கவில்லை. அமெரிக்கனின் மனப்புண் ஒன்றே எங்கும் பேசப்படுகிறது. தொலைக்காட்சி மறைத்ததைத் தான் காட்டுவதாகச் சூளுரைத்த பாட்டு, தொலைக்காட்சி மறைத்த அம்முகங்களைத் தானும் காட்டாமற் போயிற்று. பெண்ணொருத்தியே கதையின் அறமாக நிற்கவும், அவளுக்குப் பேசும் வாய் அரிதாகவே தரப்பட்டிருப்பதும் இக்குறையின் மற்றொரு பக்கம்.

இருவகைப் பாட்டின் வாழ்நாள்

2010இல் இத்தொகுதி நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் நாடகமாயிற்று. 2023 டிசம்பர் 31இல் தொலைக்காட்சிப் புத்தாண்டு நிகழ்ச்சி ஒன்றில் முதற்பாட்டைப் பாடிய ஆம்ஸ்ட்ராங், ஒரு சொல்லை மாற்றி, டிரம்ப்பின் ஆதரவாளர்களைக் குறிக்கும் சொல்லை அவ்விடத்தில் வைத்தார். அவையும் நாடும் உடனே புரிந்துகொண்டன. வசைப்பாட்டின் வலிமையும் எளிமையும் இங்கே ஒருங்கே விளங்குகின்றன. அஃதொரு வார்ப்பு அச்சு; ஆளுக்கேற்ப உள்ளீட்டை மாற்றிக்கொள்ளலாம்; மாற்றாவிடின் பழமையாகிவிடும்.

பெயர் மறந்தவன் பாடும் இறுதிப் பாட்டில் ஒரு சொல்லையும் அவ்வாறு மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. எந்த ஆட்சியிலும் எந்த நாட்டிலும், இளமையில் உரக்க முழங்கிப் பின்னர் ஓய்ந்துபோனவர் இருக்கும்வரை அதற்குப் பொருள் உண்டு. வசையாகத் தொடங்கிய இத்தொகுதி வாழ்க்கைப் பாட்டாகி நின்றது அதனாலேயே. அங்கதப் பாட்டை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் மாணவரிடம் கேட்கவேண்டிய கேள்வியும் இதுவே: பழிக்கப்பட்டவன் பெயரை எடுத்துவிட்டால் இப்பாட்டில் மீந்திருப்பது என்ன?