ஊர் கண்டவனும் இடம் கண்டவரும்

சிலப்பதிகாரம் பற்றி நம் சங்க மேடைகளில் நடைபெறும் பட்டிமன்றங்களுக்கு வழக்கமாக மூன்று அணிகள் உண்டு. கோவலன் சாவுக்குக் காரணம் பொற்கொல்லனா, பாண்டியனா, ஊழ்வினையா என்று வாதம் நிகழும். நடுவர் பெரும்பாலும் ஊழின் பக்கம் சாய்வார், அவை கலையும். இவ்வாதங்களில் ஒரு செய்தி மட்டும் எவர் கருத்திலும் படுவதில்லை. ஓர் இளங்குடும்பம் பிறந்த ஊரை விட்டு வந்து, புதிய நகரில் குடியேற இடம் தேடிய கதையும் இக்காப்பியத்தினுள்ளே இருக்கிறது. புறஞ்சேரி இறுத்த காதை, ஊர்காண் காதை, அடைக்கலக் காதை, கொலைக்களக் காதை ஆகிய நான்கையும் தொடர்ந்து படிப்பவர்க்கு அக்கதை தெளிவாகப் புலப்படும். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாடகை வீடு தேடி அலைந்த நம்மனோர்க்கு, உரையாசிரியர் துணையின்றியே அது விளங்கும்.

இளங்கோவடிகள் நகரின் குடியிருப்புப் பகுதிகளை நன்கு அறிந்த புலவர். புகார் நகரை அவர் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறார். கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் யவனரும், கலம் ஏறி வந்த வேற்று நாட்டாரும், நெய்வோரும், பல்வகைக் கைவினைஞரும் வாழ்கின்றனர். பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் பெருவணிகர் மாளிகைகளும் உள்ளன. இரண்டுக்கும் இடையே மரநிழலில் நாளங்காடி கூடுகிறது. இவ்வாறு தெருத்தெருவாக அறிந்து பாடும் ஒருவர், மதுரையில் கோவலனை எங்கே நிறுத்துகிறார், எவ்வழியே நடத்துகிறார் என்பனவற்றைக் கருத்தின்றி அமைத்திருக்க மாட்டார்.

புகாரில் கோவலனுக்கு முகவரி தேவைப்படவில்லை. மாசாத்துவான் மகன் என்ற ஒரு சொல்லே போதும். அப்பெயரை அவன் வைகறை இருளில் விட்டுவிட்டுப் புறப்படுகிறான். தந்தையிடம் சொல்லவில்லை, மதுரையில் உள்ள வணிகர் எவருக்கும் ஓர் ஓலை வாங்கி வரவில்லை. சிலம்பை முதலாகக் கொண்டு இழந்த பொருளை ஈட்டலாம் என்ற எண்ணம் இருக்கிறது. எந்தத் தெருவில், யார் துணையோடு என்ற எண்ணம் இல்லை. மாமன் எழுதிய இரண்டு வரிக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கரோல்பாகில் வந்து இறங்கிய நம் தந்தையர் தலைமுறை, இவ்வகையில் கோவலனினும் முன்யோசனை உடையது என்றே சொல்ல வேண்டும்.

வையையைக் கடந்து தென்கரையில், அறவோர் வாழும் புறஞ்சேரியில் மூவரும் தங்குகின்றனர். மறுநாட் காலையில் கோவலன் கவுந்தியடிகளை வணங்கி, நகரத்து வணிகர்களிடம் தன் நிலையை எடுத்துரைத்துத் திரும்புவதாகவும், அதுவரை கண்ணகி அடிகளின் பாதுகாப்பில் இருக்கட்டும் என்றும் கூறுகிறான். அடிகள் இராமனையும் நளனையும் எடுத்துக்காட்டி அவனைத் தேற்றுகிறார்; மதுரையில் தங்குவதற்குப் பொருத்தமான இடத்தை அறிந்து திரும்பி வருக என்று விடையளிக்கிறார். ஆக, அவன் நகருக்குள் செல்லும் நோக்கம் ஐயத்துக்கு இடமின்றிக் கூறப்பட்டுவிட்டது. வணிகரைக் காண வேண்டும். இடம் பார்க்க வேண்டும்.

அடுத்து நிகழ்வது யாது? அகழியையும் மதிலையும் கடந்து, வாயிற்காவல் புரியும் யவன வீரர்கள் ஐயுறாதபடி உள்ளே நுழைகிறான். கணிகையர் வாழும் வீதிகளைக் காண்கிறான். அவர்தம் பருவந்தோறும் மாறும் களியாட்டங்களை அடிகள் நீளப் பாடுகிறார். பின்னர் அங்காடி வீதி, பின்னர் மணிகளின் குற்றமும் குணமும் ஆராயும் இரத்தினக் கடைத்தெரு, வாங்குவோர் மயங்காதிருக்கப் பொன்னின் வகையைக் கொடி கட்டி அறிவிக்கும் பொற்கடைத்தெரு, அறுவை வீதி, துலாக்கோலும் பறையும் ஏந்தியோர் திரியும் கூல வீதி, நாற்சந்தி, முச்சந்தி, குறுந்தெரு. எல்லாம் கண்டு மகிழ்ந்து புறஞ்சேரிக்கு மீள்கிறான். ஒரு வணிகனிடம் ஒரு சொல் பேசியதாகக் காதை முழுவதிலும் ஒரு குறிப்பும் இல்லை. காதையின் பெயரே ‘ஊர்காண்’ என்பது.

இது நகர் வருணனை மரபு, மதுரைக்காஞ்சி பாடிய வழியில் வந்தது, இதைக் கொண்டு கோவலனைக் குறை கூறலாகாது என்று தமிழறிந்தோர் சிலர் மறுக்கக்கூடும். மரபு என்பதை ஒப்புகிறேன். ஆயினும் மரபான வருணனையை வைப்பதற்குக் காப்பியத்தில் இடங்களா இல்லை? காடுகாண் காதையில் மதுரை வழியைக் கூற மாமுது மறையோன் ஒருவன் வருகிறானே, அவன் வாயில் வைத்திருக்கலாம். பாண்டியன் அவையைப் பாடுமிடத்தில் வைத்திருக்கலாம். ‘இடம் அறிந்து வருக’ என்ற ஏவலுக்கும், ‘மகிழ்ந்து திரும்பினான்’ என்ற முடிவுக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்திருப்பதே நோக்கத்தக்கது. மரபைப் புலவர் கையாண்டிருக்கிறார்; மரபு புலவரைக் கையாளவில்லை. மேலும், சிலம்பு விற்க வந்த ஒருவன் நல்ல மணியையும் நல்ல பொன்னையும் நேர்மையாக விற்கும் தெருக்கள் வழியே நடந்து வந்தும், எவரையும் உசாவாமல் வருகிறான். அதே மனிதன் பின்னர் சிலம்பை எடுத்துச் சென்று, வழியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லன் ஒருவனிடம் காட்டுகிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் நெஞ்சு பதறும்.

திரும்பி வந்த கோவலன் மதுரையின் சிறப்பையும் பாண்டியன் கொற்றத்தையும் புகழ்ந்து பேசுகிறான். புதிதாக மாற்றலாகி வந்த நண்பர்களிடம் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முதல் ஞாயிற்றுக்கிழமை கன்னாட் பிளேசும் இந்தியா கேட்டும் கண்டு வந்து, தில்லியைப்போல ஊர் உண்டா என்பார்கள். இரண்டாம் வாரம் மகளுக்குப் பள்ளி எங்கே, நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் யார் கதவைத் தட்டுவது என்ற கேள்விகள் வரும்போதுதான் ஊர் என்பது வேறு, இடம் என்பது வேறு என்பது தெரியவரும்.

குமரியில் நீராடித் திரும்பும் வழியில் அங்கு வந்த மாடலன் என்னும் மறையவனும் கவுந்தியடிகளும் சேர்ந்து கோவலனுக்கு மீண்டும் வழி கூறுகின்றனர். இப்புறஞ்சேரி துறவோர்க்கு உரியது. உன்னைப் போன்றார்க்குப் பொருந்தாது. உன் பெயர் கேட்டால் நகரத்து வணிகர் ஏற்றுக்கொள்வர். கதிரவன் மறையுமுன் நகருக்குள் செல் என்கின்றனர். இது இரண்டாம் முறை கூறப்படும் அறிவுரை. இம்முறையும் கோவலன் வணிகர் மனைக்குச் செல்வதைக் காணோம். அந்நேரத்தில் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும் மாதரி என்னும் ஆயர் முதுமகள் வந்து அடிகளை வணங்குகிறாள். கவுந்தியடிகள் ஒரு கணம் எண்ணுகிறார். ஆக்காத்து ஓம்பி அவற்றின் பயனைப் பிறர்க்களிக்கும் ஆயர் வாழ்க்கையில் தீங்கு இல்லை. இவள் முதியவள், குற்றமற்றவள், இரக்கமுடையவள். அவ்வளவே ஆராய்ச்சி. கண்ணகியை அடைக்கலம் தந்துவிடுகிறார்.

கோவலன் தெருக்களைப் பார்த்தான். கவுந்தியடிகள் ஒரு மனிதரைப் பார்த்தார். குடியிருக்கும் இடத்தைத் தேர்வதில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டிய இலக்கியத்தை நான் படித்ததில்லை. கவுந்தியடிகள் சமணத் துறவி, மாதரி திருமாலை ஏத்தும் ஆயர் குலத்தவள், வந்தவர்கள் வணிகர். சமயமும் குலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அடிகள் தேடவில்லை. மாதரியும் அவ்வாறே நடந்துகொள்கிறாள். ஆயர் மனைகளோடு சேர்க்காமல், செம்மண் பூசிப் பந்தரிட்ட காவலுடைய சிறுமனை ஒன்றில் அவர்களை வைக்கிறாள். சாவக நோன்பினர் பகலிலேயே உண்பவர் ஆதலால் சமையற்கலங்களைக் காலம் தாழ்த்தாமல் கொடுக்கச் செய்கிறாள். மாவும் வாழையும் மாதுளையும் சாலி அரிசியும் பாற்பயனும் வந்து சேர்கின்றன. தன் மகள் ஐயையை நாத்தூண் நங்கையாக நிறுத்துகிறாள். காய் அரிந்து கண்ணகியின் விரல்கள் சிவக்க, ஐயை அடுப்பு மூட்டுகிறாள். ஒரே நாளில் உறவு ஏற்பட்டுவிட்டது. புது வீட்டில் பால் காய்ச்சும் நாளில், மொழி தெரியாத பஞ்சாபி அண்டை வீட்டம்மையார் ஒரு தூக்கில் தயிர் கொண்டுவந்து வைத்ததை அறிந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று.

எனினும் கவுந்தியடிகளின் தேர்விலும் ஒரு குறை உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. அதை அவரே அறிந்திருந்தார். செல்வ வணிகர் மனையில் புகும் வரைக்கும் என்ற எல்லையோடுதான் அவர் அடைக்கலம் தருகிறார். அது தற்காலிகத் தங்கல். ஆயர் குடியிருப்பு அன்பு தரும்; ஆனால் கடைத்தெருவில் ஒருவன்மேல் பழி வந்தால், இவனை நான் அறிவேன் என்று சொல்லக் கூடியவர் அங்கே இல்லை. வாடகைக்கு வருவோர் பற்றிக் காவல் நிலையப் படிவம் நிரப்பும்போது, உள்ளூரில் தெரிந்தவர் பெயர் கேட்கும் கட்டத்தில் பேனா நின்றுபோன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கோவலனுக்கு அக்கட்டம் கடைசிவரை வெறுமையாகவே இருந்தது. அரசன் ஆராயவில்லை என்பது பெருங்குற்றமே. அக்குற்றத்தை எவராலும் குறைக்க இயலாது. ஆராய்ந்திருந்தாலும் அவன் யாரைக் கேட்டிருப்பான் என்பதே என் வினா.

புதிய இடத்தின் மொழி தெரியாமையும் இங்கு உண்டு. சிலம்போடு புறப்பட்ட கோவலனை இமில் ஏறு ஒன்று எதிர்த்து வருகிறது. ஆயர்க்கு அது தீநிமித்தம். கோவலனுக்கு அது தெரியாது. அவன் குலத்தார் அறியும் செய்தி அன்று அது என்று இளங்கோவடிகளே காரணம் கூறுகிறார். ஒரே ஒரு ஆயனை உடன் அழைத்துச் சென்றிருந்தால் அவன் நின்றிருப்பான். இதனினும் வருத்தம் தருவது ஆய்ச்சியர் குரவையின் தொடக்கம். அரண்மனைக்கு நெய்யளக்கும் முறை அன்று மாதரி வீட்டுக்கு உரியது. அரண்மனையின் அடுக்களை வரை செல்லும் வழி, கோவலன் தங்கிய மனையின் வாயிலிலிருந்தே தொடங்கிற்று. அரசமாதேவியின் காலுக்கு ஏற்ற சிலம்பை விற்கப் போகிறேன், யாரிடம் செல்லலாம் என்று மாதரியிடம் அவன் கேட்டதாகக் காப்பியத்தில் இல்லை. கேட்டிருந்தால் கதை மாறியிருக்கும் என்று நான் கூறவில்லை. கேட்கவில்லை என்பதை மட்டும் சுட்டுகிறேன்.

இடத்தைத் தாமே தேரும் உரிமை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. நம் போன்ற நடுவண் அரசு ஊழியர்க்குக் குவார்ட்டர்ஸ் என்பது ஊதிய நிலைக்கு ஏற்ப வரும் ஒதுக்கீடு. இராமகிருஷ்ணபுரத்தில் எந்தச் செக்டர், எந்த மாடி என்பதைப் பட்டியல் தீர்மானிக்கும். சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்து மறுசீரமைக்க 2016-இல் ஒப்புதல் தரப்பட்ட பிறகு, முப்பதாண்டுப் பழக்கங்கள் பல திசைகளுக்குப் பிரிந்தன. இவ்வாறு ஒதுக்கப்பட்ட இடத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தை அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977) காட்டுகிறது. செகந்தராபாத்தில் இரயில்வே ஊழியரின் குடும்பம். லான்சர் பாரக்ஸ் வீடு. முஸ்லிம் அண்டை வீட்டார். ஐதராபாத் சமஸ்தானம் 1948-இல் இந்தியாவுடன் இணைந்த காலத்துக் கொந்தளிப்பு அந்த வீட்டு வாயில் வரை வருகிறது. அங்கும் ஆராயப்படுவது அண்டை வீட்டாரோடு உள்ள உறவே. நம் பட்டிமன்றங்கள் ஒருமுறையேனும் இந்நூலையும் சிலம்பையும் அடுத்தடுத்து வைத்துப் பேசினால் நன்று.

மற்றொன்றும் கூற வேண்டும். மயூர்விகாரிலோ மாதுங்காவிலோ தமிழர் சூழ வாழ்வதே பாதுகாப்பு என்று நினைப்பவர், மாடலனும் அடிகளும் முதலில் கூறிய வழியை, அதாவது தன்னவர் தெருவைத் தேடும் வழியைப் பின்பற்றுகிறார்கள். அது தவறான வழி அன்று. கோவலன் அதையாவது செய்திருக்கலாம். ஆனால் அவ்வழி நடவாதபோது கதவு திறந்தவள் மாதரி. இருபதாண்டுகள் ஒரே கட்டடத்தில் வாழ்ந்தும் எதிர்வீட்டு இராஜஸ்தானியின் பெயர் அறியாத குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அவர்களுக்குத் தெருவும் கிடைத்தது, கோயிலும் கிடைத்தது, மாதரி கிடைக்கவில்லை.

கோவலன் கள்வன் அல்லன் என்று அறிந்தபின் மாதரி என்ன ஆனாள் என்பதை வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனுக்கு உரைக்கிறான். அடைக்கலப் பொருளை இழந்தேன் என்று கதறி நள்ளிரவில் தீயில் புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தார். இடம் கொடுத்தவளும் இடம் கண்டவரும் அந்தப் பொறுப்பை உயிரோடு சேர்த்தே ஏற்றிருந்தனர். பின்னர் கண்ணகியின் செவிலியும் அடித்தோழியும் தேவந்தியும் செய்தி அறிந்து புகாரிலிருந்து மதுரைக்கு வருகின்றனர். அப்பெருநகரில் அவர்கள் காண்பது எந்தப் பெருவணிகர் மனையாரையும் அல்லர். மாதரியின் மகள் ஐயையை. அவளையும் உடன் அழைத்துக்கொண்டு, வையைக் கரை வழியே நால்வரும் சேரநாட்டு மலையை நோக்கி நடக்கின்றனர்.