திருப்பாம்புரத்துக் குழலும் மிடில்டவுன் வகுப்பறையும்

திருவாரூர் மாவட்டத்தில் பேரளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்பாம்புரம். அந்த ஊர் நாகஸ்வரக் குடும்பத்தில் வந்த நடராஜசுந்தரம் பிள்ளை, தாம் பாடம் கேட்ட தீட்சிதர் கீர்த்தனைகளை ‘தீட்சிதர் கீர்த்தனைப் பிரகாசிகை’ என்ற பெயரில் 1936இல் அச்சிட்டார். அவர் மகன் சுவாமிநாத பிள்ளை கையில் எடுத்தது நாகஸ்வரத்தை அல்ல, குழலை. அந்தக் குழலின் பாடம் சுவாமிநாத பிள்ளையிடமிருந்து, வீணை தனம்மாளின் பேரன் தி. விசுவநாதனுக்கு வந்தது. விசுவநாதன் 1958இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். பிறகு 1975 முதல் 2002இல் மறையும் வரை, கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுனில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். காவிரிக்கரைக் கோயில் வீதியில் வளர்ந்த ராக ஆலாபனை ஒன்று, இரண்டு கைமாறி, பனி பெய்யும் ஊரின் வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்தது.

இசைக்கல்விக்கும் பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கும் என்று உலகெங்கும் எத்தனையோ நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை செய்வது குழுவை அனுப்புவதும் குழுவை வரவேற்பதும்தான். இந்தியக் கலாசார உறவுகள் குழு 1950 முதல் அதைச் செய்துவருகிறது. மேடை, மாலை, கைதட்டல், மறுநாள் விமானம். அதைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு எதுவும் இல்லை. பேச வேண்டியது வேறொரு நடைமுறை: வித்வானை அழைத்து, வீடு பிடித்துக் குடிவைத்து, சம்பளம் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் கற்பிக்க விடுவது. இதைவிட நல்ல வழியை நான் அறியேன். இதன் குறைகளையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

இது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த வழி என்று நினைத்துவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் மணலி முதலியார், தம் ஆதரவில் இருந்த பாலுஸ்வாமி தீட்சிதருக்கு வயலின் சொல்லிக்கொடுக்க ஓர் ஐரோப்பியரை மூன்று ஆண்டுகள் அமர்த்தினார் என்பது இசை வரலாற்றில் எல்லோரும் சொல்லும் செய்தி. ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், மூன்று ஆண்டு. அதன் பலனை இன்று ஒவ்வொரு கச்சேரி மேடையிலும் பாடகரின் இடப்பக்கத்தில் பார்க்கிறோம். வயலினை அயல் வாத்தியம் என்று யாரும் இன்று நினைப்பதே இல்லை. அதே சென்னைக்கு மேற்கத்திய இசை பின்னாளில் பெரும்பாலும் தேர்வாகவே வந்துசேர்ந்தது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடுகளும் சான்றிதழ்களும் நமக்குப் பழகின. அந்தத் தேர்வுமுறை பயனற்றதல்ல; இளையராஜா அதில் தேறியவர். ஆனால் அவரை உருவாக்கியது மயிலாப்பூரில் ஒரு சிறு அறையில் இருந்து கற்பித்த தன்ராஜ் மாஸ்டர் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வெஸ்லியனுக்கு வருவோம். ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்கர் 1950களின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்து, விசுவநாதனின் அண்ணன் தி. ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றார். ஓர் இசையைப் பற்றி எழுத வேண்டுமானால் முதலில் அதை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவருடைய ஆசிரியர் மேன்டில் ஹூட் வற்புறுத்தி வந்தார். இரண்டு மொழி பேசுகிறவர்களைப் போல இரண்டு இசையில் புழங்குகிறவர்கள் உருவாக வேண்டும் என்பது 1960இல் ஹூட் எழுதிய கட்டுரையின் சாரம். பிரவுன் வெஸ்லியனில் வேலைக்குச் சேர்ந்ததும், தம் குருவையே அங்கே அழைத்துக்கொண்டார். சிஷ்யன் அழைக்க, குரு போனார். அங்கே நடந்த எல்லாவற்றுக்கும் இந்த உறவுதான் அடிப்படை. குழு ஒன்று கூடி விண்ணப்பங்களைப் பார்த்து நியமித்திருந்தால் ரங்கநாதன் அங்கே போயிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

ரங்கநாதன், விசுவநாதன், அவர்களுடைய அக்கா பாலசரஸ்வதி மூவரும் தனம்மாள் வீட்டுப் பிள்ளைகள். அந்த வீடு எந்தச் சமூகத்தைச் சேர்ந்தது என்பதையும், 1930களிலும் 40களிலும் அந்தச் சமூகத்துப் பெண்களின் கலையைப் பற்றிச் சென்னையில் எப்படிப் பேசப்பட்டது என்பதையும் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. பாலசரஸ்வதி 1962இல் ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவில் ஆடினார். வெஸ்லியனிலும் தங்கிக் கற்பித்தார். பதத்துக்கு அபிநயம் பிடிக்கையில் அவரே பாடுவதை அந்த மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஊரில் அந்த மரபுக்குக் குறுகிப்போயிருந்த இடம், அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் சம்பளப் பட்டியலில் கிடைத்தது. சங்கீத கலாநிதி விருது பாலசரஸ்வதிக்கு 1973இலும் விசுவநாதனுக்கு 1988இலும் வந்தது. அதற்கு வெளியூர் மதிப்பு எவ்வளவு உதவியது என்று அளந்து சொல்ல முடியாது. உதவவில்லை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இந்த வழியில் உருவானவர்களில் ஜான் ஹிக்கின்ஸை எல்லோரும் அறிவார்கள். வெஸ்லியனில் தொடங்கி, 1960களின் நடுவில் சென்னைக்கு வந்து விசுவநாதனிடம் பாடம் கேட்டு, திருவையாற்று ஆராதனையில் பாடியவர். ஹிக்கின்ஸ் பாகவதர் என்ற பெயரை ரசிகர்கள்தான் வைத்தார்கள். உச்சரிப்புக்காக அவரைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. நான் பாராட்டுவது அவர் பதங்களைப் பாடிய பொறுமையை. அவசரமே இல்லாத அந்த விளம்ப காலம் தனம்மாள் வீட்டுச் சொத்து. புத்தகத்தைப் பார்த்து அதைக் கற்றிருக்க முடியாது. அவர் 1971இல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைப் பிரிவைத் தொடங்கியபோது உடன் அழைத்துக்கொண்டது திருச்சி சங்கரனை. பழனி சுப்ரமணிய பிள்ளையின் மிருதங்க வழி கனடாவில் வேர்பிடித்தது அப்படித்தான். ஹிக்கின்ஸ் 1984 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 45.

இன்னொரு பலனும் உண்டு. வளவனூர் எஸ். ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் டைகர் வரதாச்சாரியார், சபேச ஐயர், பொன்னையா பிள்ளை ஆகியோரிடம் கற்றவர். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து அவர் முனைவர் பட்டம் பெற்றது வெஸ்லியனில். அரங்கேற்று காதையின் யாழும் குழலும் நரம்புகளும் பாலைகளும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வேடாகின. அந்த ஊரில் பாடகரும் ஆய்வாளரும் ஒரே ஆளாக இருக்க முடிந்தது என்பதுதான் இதில் முக்கியம்.

இனி குறைகள். முதல் குறை நேரம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் என்பது ஏறக்குறைய 14 வாரம். வாரத்துக்கு மூன்று மணி என்று வைத்தாலும் 42 மணி நேரம். சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் கை பழகுவதற்கே அது போதாது. சில மாணவர்கள் வருடக்கணக்கில் தங்கி ஹிக்கின்ஸ் ஆனார்கள் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலானோர் ஒரு பருவத்தோடு வேறு பாடத்துக்குப் போகிறவர்கள். அவர்களுக்காக ஆசிரியர் பாடத்தைச் சுருக்குகிறார், வகுக்கிறார், எழுதுகிறார். ரங்கநாதனின் மாணவர் டேவிட் நெல்சன் சொல்கட்டை மட்டும் தனிப் பாடமாக்கி 2008இல் கையேடு எழுதினார். மிருதங்கம் தொடாதவரும் தாளக் கணக்கை வாயால் சொல்லிப் பழகலாம். நல்ல கையேடு, தெளிவான பாடம். ஆனாலும் எனக்கு ஓர் உறுத்தல் இருக்கிறது. கணக்கு எளிதில் கடல் கடக்கிறது, சுகம் கடப்பதில்லை. மோராவையும் கோர்வையையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். பாட்டின் வரி எங்கே தொய்கிறதோ அங்கே வாசிக்காமல் கையை எடுத்துக்கொள்வது எப்படி என்பதைப் பாடகர் பக்கத்தில் பல வருடம் உட்கார்ந்துதான் கற்க முடியும். கர்நாடக இசை என்றால் சிக்கலான தாளக் கணக்கு என்று வெளிநாட்டு இசைக்கலைஞர்கள் பலர் எண்ணிக்கொண்டதற்கு இந்த வகுப்பறை ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது குறை படிநிலை. அழைக்கப்பட்ட வித்வானுக்குப் பல இடங்களில் கொடுக்கப்பட்ட பதவியின் பெயர் ‘உறைவிடக் கலைஞர்’. எழுதுகிறவர் பேராசிரியர், வாசிக்கிறவர் கலைஞர். யார்க்கில் திருச்சி சங்கரன் பேராசிரியராகவே இருந்தார். அப்படி அமைந்தவர்கள் குறைவு. விசுவநாதனே, நாற்பது வயதைத் தாண்டி, குழலில் முழுமை பெற்ற பிறகு, ராக ஆலாபனை பற்றி ஆய்வேடு எழுதி 1975இல் முனைவரானார். அது நல்ல ஆய்வு. அதனால் நமக்கு லாபம். இருந்தாலும், வித்வத்துக்கு மேல் ஒரு தாளையும் நீட்டினால்தான் நாற்காலி என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது, தான் எதற்காக அவரை அழைத்தது என்பதையே அது மறந்துவிடுகிறது. சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலை செட்டியார் தொடங்கிய இசைக்கல்லூரியில் சபேச ஐயரிடமோ பொன்னையா பிள்ளையிடமோ யாரும் பட்டம் கேட்கவில்லை. பட்டமே இல்லாதவர்கள் கையால் ‘சங்கீத பூஷணம்’ பட்டம் வாங்கியவர்கள் யாழ்ப்பாணம் வரை போய் ஒரு தலைமுறைக்கே இசை ஆசிரியர்களானார்கள். அதுவும் பரிமாற்றம்தான். அதை அந்தப் பெயரால் யாரும் அழைக்கவில்லை, அவ்வளவே.

மூன்றாவது குறைதான் என்னை அதிகம் வருத்துவது. கட்டுரையைத் திருப்பாம்புரத்தில் தொடங்கியதே இதற்காகத்தான். வெஸ்லியனில் ஊன்றியவை வாய்ப்பாட்டும் குழலும் மிருதங்கமும். இவை அறைக்குள் அடங்குபவை. நாகஸ்வரமும் தவிலும் அறைக்குள் அடங்கா. நான்கு சுவருக்குள் இரண்டு தவில் விழுந்தால் அடுத்த அறையில் வகுப்பு நடக்காது. நாகஸ்வரத்தில் மல்லாரியை மல்லாரியாகக் கேட்பதற்குச் சாமி புறப்பாடு வேண்டும், நடக்கிற வீதி வேண்டும், மணிக்கணக்கில் ஒரே ராகத்தை விரிக்க இரவு வேண்டும். வகுப்பறை எதைத் தாங்குமோ அதையே வகுப்பறை தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தேர்வு உலகத்தின் கண்ணில் ‘தென்னிந்திய இசை’ என்று ஆகிவிடுகிறது. விசுவநாதனின் குழலில் அந்த நாகஸ்வர வீட்டுப் பாடம் இருந்தது. நீண்ட மூச்சில் அவர் ராகத்தை நிறுத்தி நிறுத்திப் பாடுவதுபோல் வாசித்ததில் அது கேட்கும். பாடத்தைக் கொடுத்த வாத்தியத்துக்கு மட்டும் அங்கே இருக்கை போடப்படவில்லை. பறைக்கும் உடுக்கைக்கும் தெருக்கூத்துப் பாட்டுக்கும் என்ன நேர்ந்தது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இதற்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அவர்கள் சென்னையில் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்களோ அந்த வீட்டு இசை போனது. கதவைக் காட்டியவர்கள் நாம். நம் சபாக்களில் நாகஸ்வரம் இன்றும் பெரும்பாலும் தொடக்கநாள் மங்கல இசையாக நின்றுவிடுகிறது. வெளிநாட்டு மாணவர் டிசம்பரில் சென்னைக்கு வந்து இறங்கினால், ஒரு மாதத்தில் நூறு பாட்டுக் கச்சேரி கேட்டுத் திரும்பலாம்; ஒரு முழு இரவு நாகஸ்வரம் கேட்காமலே திரும்பலாம். கிளீவ்லாந்தில் 1978 முதல் நடக்கும் தியாகராஜ ஆராதனை விழாவைப் போல் புலம்பெயர்ந்தவர்கள் தாங்களே கட்டிக்கொண்ட அமைப்புகளும் சென்னையின் இந்த வரிசைமுறையை அப்படியே எடுத்துக்கொண்டன.

நம்மிடம் நிறுவனமே இல்லை என்பதல்ல. தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள், மூன்றாண்டுப் பயிற்சி. சபாக்கள் மறந்த இரண்டு வாத்தியங்களையும் ஓதுவார் மரபையும் சேர்த்து ஒரே கூரைக்குக் கீழ் வைத்த பாடத்திட்டம் அது. இந்த ஏற்பாட்டின் அருமையை நாமே சரியாகப் பேசவில்லை. ஆனால் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று பெயர்ப்பலகை மாட்டியவர்கள் இந்தப் பள்ளிகளின் பக்கம் வருவது அரிது. கற்பிக்கும் நிறுவனம் ஒரு தெருவில், பரிமாறும் நிறுவனம் வேறொரு தெருவில். இரண்டுக்கும் நடுவே போக்குவரத்து இல்லை.

நாகஸ்வரமும் தவிலும் பயணமே போகாதவை என்றும் எண்ண வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கோயில்கள் திருவிழாக்களுக்குத் தஞ்சை நாட்டு மேளங்களை வரவழைத்தன. போனவர்கள் அங்கே தங்கினார்கள், கற்பித்தார்கள், கேட்டார்கள். அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் தவில் பிறகு இக்கரைக்கு வந்து தஞ்சாவூர்க்காரர்களையே வியக்க வைத்தது. எந்தப் பல்கலைக்கழகமும் இதற்கு நிதி ஒதுக்கவில்லை. கோயிலும் வீதியும் இரவும் கேட்கத் தெரிந்த கூட்டமும் இரு கரையிலும் இருந்தன. வெஸ்லியனில் கொடுத்த நீண்ட காலமும் யாழ்ப்பாணத்தில் கிடைத்த திறந்த வெளியும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

சேர்க்க முடியாததல்ல. ஓர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் மூன்று ஆண்டுக்கு ஆள் தேடுகிறது என்றால், சென்னையில் உள்ளவர்கள் இந்த முறை திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வழி சொல்லலாம். ஒரு நாகஸ்வரக்காரர், ஒரு தவில்காரர், இருவர் குடும்பங்களும் தங்க வீடு. ஆய்வேடு கேட்காத நியமனம். சாதகத்துக்கு அறை வேண்டாம். ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு மைதானம் போதும். பதிலுக்கு அங்கிருந்து வருகிற மாணவரை டிசம்பரில் மயிலாப்பூரோடு நிறுத்தாமல், வைகாசித் திருவிழாவுக்கு ஊருக்கு அனுப்பி, புறப்பாடு தொடங்கியதிலிருந்து சாமி கோயிலுக்குள் திரும்பும்வரை மேளத்துக்குப் பின்னால் நடக்க விட வேண்டும்.