தேடினாள், சரி, விரட்டியது யார்?

பிற்பகல் மூன்று மணி. ஊரின் ஆண்மக்கள் மாதாகோயிலுக்குள் நுழைகிறார்கள். பத்து வயதுச் சிறுவர் முதல் பல்லுதிர்ந்த கிழவர் வரை. ஆண்டவனைத் தொழ அல்ல, ஆணையைக் கேட்க! கோயிலின் நடுவே மேசை போடப்பட்டிருக்கிறது. தளபதி நிற்கிறான். சுற்றிலும் துப்பாக்கி ஏந்தியோர். ஆணை படிக்கப்படுகிறது: நிலம் மன்னனுக்கு, வீடு மன்னனுக்கு, ஆடுமாடும் மன்னனுக்கு. கையிலுள்ள காசும், கப்பல் கொள்ளுமளவு தட்டுமுட்டுச் சாமான்களும் மட்டுமே உங்களுக்கு. நீங்கள் அனைவரும் இந்நாட்டைவிட்டு அகற்றப்படுவீர்! கேட்டு நின்றோர் 418 பேர். நாள், 1755 செப்டம்பர் 5. இடம், இன்று கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் உள்ள கிராண்ட் பிரே. ஆணை படித்த தளபதி ஜான் வின்ஸ்லோ.

கட்டுக்கதையல்ல. அந்தத் தளபதியே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்துவிட்டுப் போன செய்தி இது. இந்தச் செய்தியின் மீது 92 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு காதற்கதை கட்டப்பட்டது. 1847-இல் அமெரிக்கக் கவிஞர் லாங்பெல்லோ 'எவாஞ்சலின்' என்ற காவியத்தை வெளியிட்டார். பள்ளிக்கூடந்தோறும் அது பாடமாயிற்று. பிறகு படமாயிற்று, ஒரு முறையல்ல, பல முறை. 1913-இல் ஹாலிபாக்ஸ் நகரத்து நிறுவனமொன்று எடுத்த படம், கனடாவின் முதல் முழுநீளக் கதைப்படம், அழிந்துவிட்டது. 1919-இல் ரவுல் வால்ஷ் எடுத்ததும் அழிந்துவிட்டது. 1929-இல் எட்வின் கேரூ இயக்கி, டோலோரஸ் டெல் ரியோ நடித்த படம் மட்டும் காலத்தை வென்று நம் கண்முன் ஓடுகிறது. பேச்சில்லாப் படம், இசையும் ஓசையும் மட்டும் சேர்த்து வெளியிட்டார்கள்.

கதை தெரியாதோருக்குச் சுருங்கச் சொல்வோம். எவாஞ்சலின், உழவர் பெருமகன் பெனடிக்டின் மகள். கேப்ரியல், கொல்லன் பசிலின் மகன். மணம் பேசி முடிந்தது. மறுநாளே மாதாகோயிலில் ஆணை இடியாக விழுந்தது. கப்பலேற்றும் குழப்பத்தில் அவன் ஒரு கப்பலில், அவள் வேறொரு கப்பலில். தந்தை கடற்கரையிலேயே உயிர்விடுகிறார். அவள் தேடுகிறாள், ஊர் ஊராக, ஆறு ஆறாக. லூசியானாவின் நீரோடையொன்றில் அவளுடைய படகு ஒதுங்கிக் கிடக்க, மறுபக்கமாக அவனுடைய படகு கடந்துபோகிறது, ஒருவரையொருவர் காணவில்லை! ஆண்டுகள் உருளுகின்றன. கன்னிகாமடத்துச் சகோதரியாகி, பிலடெல்பியா நகரில் கொள்ளைநோய் கண்டோருக்குப் பணிவிடை செய்கிறாள். அங்கே, ஏழையர் விடுதியில், மரணப் படுக்கையில் ஒரு கிழவன். அவன்தான் கேப்ரியல். அவள் கரங்களிலே உயிர் பிரிகிறது.

டோலோரஸின் கண்கள் பேசுகின்றன என்று எழுதினால், எத்தனையோ பேர் எத்தனையோ நடிகையரைப் பற்றி எழுதித் தேய்ந்த வாசகம் என்பீர்கள். ஆயினும் உண்மை அதுதான். கடற்கரைக் காட்சியில் ஊரே ஓலமிட, அவள் மட்டும் அசையாது நிற்கையில், நாம் கல்லல்லவே, கண் கசிந்தோம். மறைக்க என்ன இருக்கிறது? கலையின் ஆற்றலை மறுப்பது நம் நோக்கமல்ல. கண்ணீர் யாருக்காக வடிந்தது, எதற்காக வடிந்தது, வடிந்த பிறகு நம் நெஞ்சில் தங்கிய கேள்வி எது என்பதே நம் விசாரணை.

நம் நெஞ்சில் தங்கிய கேள்வி இதுதான்: அவனை அவள் மறந்தாளா? மறக்கவில்லை! நோட்டரியின் மகன் பாப்டிஸ்ட் காத்துக்கிடக்கிறானே, அவனை மணந்துகொள்ளலாகாதா என்று ஊரார் கேட்கிறார்கள். மாட்டேன் என்கிறாள். ஆகா, எத்தகைய பெண்! எத்தகைய உறுதி! இவ்வாறு ஒரு மக்கட்கூட்டம் வேரோடு பிடுங்கப்பட்ட வரலாறு, ஒரு பெண்ணின் கற்புக்கு வைத்த தேர்வாக மாறிவிடுகிறது. தேர்வில் அவள் தேறிவிடுகிறாள்; நாமும் நிறைவோடு எழுந்துவிடுகிறோம். பிரித்தவன் யார், ஏன் பிரித்தான், பறித்த நிலத்தை எவனுக்குக் கொடுத்தான்? இவற்றைக் கேட்க நேரமேது!

நாம் கேட்போம்.

அக்கேடியர் எனப்பட்ட அம்மக்கள் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து குடியேறியவர்கள். பண்டி வளைகுடாவின் கரையில் அவர்கள் செய்த வேலையை நினைத்தால் வியப்பு மேலிடுகிறது. உலகிலேயே மிக உயர்ந்து ஏறும் கடல் ஓதம் அங்கேதான்; ஐம்பது அடிக்கும் மேல். அந்த ஓதம் புகுந்து புறப்படும் உவர்ச் சேற்றுநிலத்தை அவர்கள் வயலாக்கினார்கள். புல்லும் மண்ணும் கொண்டு கரை எழுப்பினார்கள். கரைக்கடியில் மரத்தாலான மதகு. மதகுக்குள் ஒரு கதவு. ஓதம் வற்றும்போது உள்ளிருக்கும் மழைநீர் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஓதம் ஏறும்போது கடல்நீரே அக்கதவை அடைத்துவிடும். இரண்டு மூன்று ஆண்டு மழையில் உப்பு கழுவப்பட்டு, கோதுமை விளையும். அரசன் பணம் தரவில்லை, பிரபு ஆள் அனுப்பவில்லை; ஊர் கூடிக் கரை கட்டியது, ஊர் கூடிக் காத்தது. லாங்பெல்லோவின் காவியத்திலே இவர்கள் பூட்டில்லா வீட்டில் வாழும் ஆட்டுக்குட்டிகள். உண்மையிலே பொறியறிவு படைத்த உழைப்பாளிகள், வாணிபம் தெரிந்தவர்கள், ஆளுநருக்கு மனு மேல் மனுவாக எழுதி வாதாடத் தெரிந்தவர்கள்!

1713-ஆம் ஆண்டு யூட்ரெக்ட் உடன்படிக்கையால் அந்நாடு பிரிட்டனின் கைக்கு மாறியது. உங்கள் மன்னனுக்கு அடங்கியிருப்போம். ஆனால் பிரெஞ்சுக்காரனை எதிர்த்து ஆயுதம் தூக்கமாட்டோம் என்றனர் அக்கேடியர். 1730-இல் அந்த அடிப்படையிலேயே உறுதிமொழி தந்தனர். கால் நூற்றாண்டு கழித்து, போர் மூளும் வேளையில், துணை ஆளுநர் சார்லஸ் லாரன்ஸ், நிபந்தனையற்ற உறுதிமொழி வேண்டும் என்றான். மறுத்த பிரதிநிதிகளைச் சிறையில் தள்ளினான். பிறகுதான் மாதாகோயில், மேசை, ஆணை. போர்க்காலப் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். சரி, பாதுகாப்புக்காக என்றால் வயலை ஏன் வேறொருவனுக்குத் தரவேண்டும்? 1758-இல் அதே லாரன்ஸ், காலியான வளமான நிலம் இருக்கிறது, வாருங்கள் என்று நியூ இங்கிலாந்து மக்களுக்கு அழைப்பு விடுத்தான். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். வந்தவர்களுக்கு ஒரு தொல்லை. 1759-இல் வீசிய புயல் கரைகளை உடைத்துவிட்டிருந்தது; அதைப் பழுதுபார்க்கும் வித்தை அவர்களுக்குத் தெரியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? சிறைப்பட்டிருந்த அக்கேடியரையே கூலிக்கு அழைத்துவந்து, அவர்களிடமிருந்து பறித்த வயலின் கரையை அவர்கள் கையாலேயே கட்டச் செய்தார்கள்! தன் வயலில் தானே கைதியாக நின்று மண் சுமந்தானே, அவனுக்குக் காவியம் எங்கே? படம் எங்கே?

இனி, பாதிரியார் பெலிசியனிடம் வருவோம். ஆணை படிக்கப்பட்டதும் காவியத்திலே கொல்லன் பசில் கொதித்தெழுகிறான். கொடுங்கோலர் ஒழிக என்று முழங்குகிறான். சிப்பாய் ஒருவன் அவன் வாயிலறைந்து வீழ்த்துகிறான். அப்போது பாதிரியார் தோன்றி, மன்னிப்பையும் பொறுமையையும் போதிக்கிறார்; மக்கள் மண்டியிட்டு அழுகிறார்கள்; கொதிப்பு தணிகிறது. பின்னர் எவாஞ்சலின் சோர்ந்து விழும்போதெல்லாம், பொறு மகளே, துன்பம் உன்னைத் தூய்மையாக்கும் என்று தேற்றுபவரும் அவரே. அருமையான ஏற்பாடு! ஆனால் வரலாறு என்ன சொல்கிறது? அந்த வட்டாரத்துப் பாதிரிமார்களை பிரிட்டிஷ் படை ஆகஸ்ட் மாதமே பிடித்துக்கொண்டு போய்விட்டது. செப்டம்பர் 5 அன்று, பொறு என்று சொல்ல அக்கோயிலில் ஒரு பாதிரியாரும் இல்லை. கவிஞர்தான் ஒருவரைப் படைத்து அனுப்பியிருக்கிறார். உண்மையில் நடந்தது வேறு. செப்டம்பர் 10 அன்று இளைஞர்களை முதலில் கப்பலேற்ற முயன்றபோது, தந்தையரை விட்டுப் போகமாட்டோம் என்று அவர்கள் மறுத்து நின்றார்கள். துப்பாக்கி முனையில் கத்தி செருகி நெருக்கித்தான் அவர்களை நகர்த்த முடிந்தது. மன்னிப்பு போதிக்கப்பட்டதால் அல்ல, கத்தி நீட்டப்பட்டதால் நகர்ந்தார்கள்.

அந்தக் கத்திகளை ஏந்தியோர் யார்? இங்கேதான் கவிஞரின் கைத்திறனைக் கவனிக்கவேண்டும். காவியம் படிப்பவன், தொலைவிலுள்ள இங்கிலாந்து மன்னனையே சபிப்பான். ஆனால் வின்ஸ்லோ மசாசூசெட்ஸ்காரன். அவனுடைய படை மசாசூசெட்ஸில் திரட்டப்பட்டது. கப்பல்களை வாடகைக்குப் பிடித்துத் தந்தவர்கள் பாஸ்டன் வணிகர்களான ஆப்தார்ப், ஹான்காக் கூட்டாளிகள். அந்த ஹான்காக்கின் அண்ணன் மகன்தான் பின்னாளில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் பெரிதாகக் கையெழுத்திட்டவர். லாங்பெல்லோவோ அதே மசாசூசெட்ஸில், ஹார்வர்டு கல்லூரியில் ஆசிரியர். அக்கேடியாவை ஒருநாளும் கண்ணால் கண்டவரல்லர். தன் ஊரார் ஊதியம் பெற்ற வேலையை மன்னன் தலையில் ஏற்றிவிட்டு, எஞ்சிய கண்ணீரைக் காதலர்க்கு வழங்கினார். நாமும் ஆசிரியர் தொழிலில் இருப்பவர்கள்தாம். பாடப் புத்தகத்தில் எது விடுபடுகிறதோ, அது தற்செயலாக விடுபடுவதில்லை என்பதைச் சில ஆண்டுகளிலேயே கற்றுக்கொண்டோம்.

1755 முதல் 1763 வரை நாடுகடத்தப்பட்டோர் ஏறத்தாழ 11,500 பேர் என்று கணக்கிடுகிறார்கள். வர்ஜீனியாவுக்கு அனுப்பப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அம்மாநிலம் ஏற்க மறுத்து இங்கிலாந்துக்குத் தள்ளிவிட்டது. துறைமுக நகரங்களில் அடைபட்டு அம்மை கண்டு மடிந்தோர் பலர். 1758 டிசம்பரில் டியூக் வில்லியம் என்ற கப்பல் அட்லாண்டிக்கில் மூழ்கியபோது முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாம் இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறைக்கலாகாது. அக்கேடியர் உழுத மண் அவர்களுக்கு முன்பே மிக்மாக் மக்களின் மண். லூசியானாவில் வேரூன்றிய பிறகு, அவர்களிலும் வசதி பெற்றோர் கறுப்பின மக்களை அடிமையாக வைத்து வேலை வாங்கினார்கள். துன்புற்றவன் என்றும் தூயவனாகவே இருப்பான் என்பது காவியக்காரர் கணக்கு.

படத்தை இயக்கிய கேரூவைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அவர் சிக்கசா என்னும் செவ்விந்திய இனத்தின் வழிவந்தவர். அந்த இனமும் 1837 முதல் அமெரிக்க அரசால் தன் மண்ணிலிருந்து மேற்கே பெயர்த்தெறியப்பட்டதுதான். அவர் வேண்டியிருந்தால் இக்கதையை எப்படியெல்லாம் எடுத்திருக்கலாம்! ஆலிவுட் வேண்டியது காதல். நாயகியோ மெக்சிகோ நாட்டவர். படம் வெளிவந்த 1929-ஐத் தொடர்ந்த ஆண்டுகளில், பல இலட்சம் மெக்சிகோ மக்கள் அமெரிக்காவிலிருந்து வண்டியேற்றி விரட்டப்பட்டார்கள். அவர்களுள் அமெரிக்க மண்ணிலேயே பிறந்தோரும் இருந்தனர். எவாஞ்சலினுக்கு அழுத கண்கள் அவர்களுக்கும் அழுதனவா?

லூசியானாவின் செயின்ட் மார்ட்டின்வில் நகரில், கோயிலருகே எவாஞ்சலினுக்குச் சிலை இருக்கிறது. முகச்சாயல் டோலோரஸுடையது. கிராண்ட் பிரேயிலும் 1920 முதல் ஒரு சிலை நிற்கிறது. பிறக்காத பெண்ணுக்கு இரு நாட்டிலும் சிலை!

அப்படியானால் காவியத்தால் பயனே இல்லையா என்று கேட்கும் தோழருக்கு, உண்டு என்றே சொல்வோம். சிதறிக்கிடந்த மக்கள் அப்பெயரைப் பற்றிக்கொண்டு, நாமும் ஒரு மக்கள் என்று நிமிர்ந்தார்கள். 1887-இல் 'எவாஞ்சலின்' என்ற பெயரிலேயே பிரெஞ்சு மொழி ஏடு தொடங்கினார்கள். அது 1982 வரை நடந்தது. கடன் வாங்கிய படைக்கலமாயினும் படைக்கலம்தான். ஆனால் அம்மக்கள் அத்தோடு நின்றுவிடவில்லை என்பதே நமக்கு மகிழ்ச்சி தருவது. அக்கேடியப் பெண் எழுத்தாளர் அந்தொனின் மையே, 1979-இல் ஒரு நாவல் எழுதிப் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். அதன் தலைவி பெலாஜி, ஒரு கைம்பெண். நாடுகடத்தப்பட்டுப் பதினைந்தாண்டு ஜார்ஜியாவில் உழைத்தவள். ஒரு மாட்டு வண்டியைக் கட்டுகிறாள், பிள்ளைகளை ஏற்றுகிறாள், வழியிலுள்ள அகதிகளையும் சேர்த்துக்கொண்டு, பத்தாண்டு நடந்து, தாய்மண்ணை நோக்கித் திரும்புகிறாள். அவள் தேடுவது ஓர் ஆடவனையல்ல, ஊரை! இந்நாவலைப் படமாக்க வல்லவர் எவரேனும் வந்தால் நாம் முதல் வரிசையில் இடம் பிடிப்போம்.

2003 டிசம்பரில் எலிசபெத் அரசியின் பெயரால் ஒரு பிரகடனம் வெளியாயிற்று. நாடுகடத்தல் நடந்ததையும் அதனால் விளைந்த துயரையும் அது ஒப்புக்கொண்டது. ஆண்டுதோறும் ஜூலை 28 நினைவுநாள் என்றது. சட்டப் பொறுப்பு எதையும் ஏற்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டது. கிராண்ட் பிரேயின் கரைகளும் வயல்களும் 2012 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

இக்கதையை வகுப்பில் ஒருநாள் சொன்னோம். காதலர் பிரிந்ததையும் சேர்ந்ததையும் கேட்டு மாணவிகள் சிலர் முகம் வாடினர். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அந்த மதகுக்குக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்றான். கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினோம்.