திறந்த கருவியும் சிறு மூலதனமும்

விளையாட்டைச் சிறுவர்தம் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவோர், அதனைத் தாங்கிநிற்கும் உற்பத்தி உறவுகளை நோக்கத் தவறிவிடுகின்றனர். நிண்டெண்டோ, சோனி முதலான பெருங்கம்பனிகளின் விளையாட்டுக் கருவியை விலைகொடுத்து வாங்குபவன் அதற்கு முழு உரிமையாளன் ஆவதில்லை. அதில் எம்மென்பொருள் இயங்கலாம், எது இயங்கலாகாது என்பதனைக் கம்பனியே தீர்மானிக்கின்றது. இந்நிலைக்கு மறுப்பாகத் தோன்றியதே திறந்த மூலக் கருவி என்னும் எண்ணம். வாங்கியவன் தான் விரும்பும் நிரலை எழுதலாம், இயக்குமுறைமையைத் திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். எண்ணம் உயர்ந்ததென்பதில் ஐயமில்லை. அதனை நிறைவேற்ற முன்வந்த சிறு கம்பனிகளைப் பற்றியே ஐயம் எழுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவில் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு இன்ட்ரெமா என்னும் கம்பனி திட்டமிட்ட கருவி, சந்தைக்கு வராமலே 2001 இல் மறைந்தது. தென்கொரியாவின் கேம்பார்க் கம்பனி அதே ஆண்டில் ஜீபி32 என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. அதிலிருந்து பிரிந்தோர் 2005 இல் ஜீபி2எக்ஸ் என்னும் லினக்ஸ் கருவியைக் கொணர்ந்தனர். தாய்க் கம்பனி 2007 இல் முறிவடைந்தது. பிரிந்து சென்ற கம்பனியின் இறுதிக் கையடக்கக் கருவி 2010 இல் வந்த கானு ஆகும்.

இவற்றுள் விரிவாக ஆராயத்தக்கது பண்டோரா. ஜீபி2எக்ஸைப் பயன்படுத்தியோர் தாமே ஒன்றுகூடி வகுத்த திட்டம் அது. பயன்படுத்துவோரே உற்பத்தியாளராகும் அரிய நிகழ்வு என்ற வகையில் அது பாராட்டுக்குரியது. 2008 செப்ரெம்பரில் ஏறத்தாழ 4,000 கருவிகளுக்கு முற்பணம் பெறப்பட்டது. விலை 330 டொலர். முதற் கருவிகள் அனுப்பப்பட்டதோ 2010 மே மாதத்தில். வெளியுறை வார்ப்பதிலும் மின்சுற்றுப் பலகை செய்விப்பதிலும் தடைக்குமேல் தடை ஏற்பட்டது. முற்பணம் செலுத்தியோருட் பலர் மேலும் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்க நேர்ந்தது. (கிரேக்கப் புராணத்திற் பண்டோராவின் பெட்டியில் எஞ்சியது நம்பிக்கை ஒன்றே. பெயரிட்டோர் இதனை எண்ணிப் பார்த்தனரோ!)

தாமதத்தைத் தனிமனிதரின் திறமைக் குறைவாக மட்டும் கொள்வது மேலோட்டமான பார்வையாகும். பெருங்கம்பனி தன் கருவியைக் குறைந்த இலாபத்துக்கோ சிலவேளை நட்டத்துக்கோ விற்று, பின்னர் விற்பனையாகும் ஒவ்வொரு விளையாட்டிலும் உரிமைப் பங்கு பெறுகின்றது. திறந்த கருவியை ஆக்குவோர் இவ்வருவாயைத் தாமாகவே துறந்துவிடுகின்றனர். ஆகவே செலவு முழுவதையும் கருவியின் விலையிலேயே ஈட்டவேண்டும். வார்ப்பு அச்சின் செலவோ நாலாயிரம் செய்தாலும் நாற்பது இலட்சம் செய்தாலும் பெரிதும் வேறுபடுவதில்லை. அச்செலவைத் தாங்கும் மூலதனம் சிறு கம்பனியிடம் இல்லாதபோது, அதனை இடுபவன் முற்பணம் செலுத்தும் கொள்வோனே. முதலீட்டாளனின் இடர்ப்பாடு அவனைச் சேர்கின்றது. முதலீட்டாளனின் பங்குரிமை மட்டும் சேர்வதில்லை. அவனது பொறுமையை வேண்டும்பொழுதெல்லாம் 'நமது சமூகம்' என்ற சொல் எடுத்தாளப்படுவதும் ஈண்டு நோக்கற்பாலது. வாங்குவோன், விற்போன் என்ற உறவு அச்சொல்லின் பின்னே மறைந்துவிடுகின்றது.

காலமும் சிறு கம்பனிக்காகக் காத்திருப்பதில்லை. பண்டோராவின் சில்லு 2008 இற் புதுமையானது. ஆயின் அதே குடும்பத்துச் சில்லையும் லினக்ஸையும் கொண்ட நொக்கியாவின் என்900 தொலைபேசி 2009 இறுதியிலேயே கடைகளுக்கு வந்துவிட்டது.

'திறந்தது' என்ற அடைமொழியும் ஆய்வுக்குரியதே. பண்டோராவின் முப்பரிமாண வரைகலைப் பகுதியை இயக்கிய மென்பொருள், சில்லு வடிவமைத்தோரின் மூடிய உடைமையாகும். அதன் மூலநிரல் எவருக்கும் கிட்டவில்லை. கதவு திறந்திருந்தது உண்மை. உள்ளே ஓர் அறை பூட்டியே கிடந்தது. அவ்வாறு பெற்ற சுதந்திரத்தாற் பெரும்பாலோர் செய்ததும் பழைய நிண்டெண்டோ, சேகா விளையாட்டுகளைப் புதிய கருவியில் மீள ஆடியதேயாகும். மூடிய தொழிலின் பழம் படைப்புகளே திறந்த கருவிக்கு உயிரூட்டின. இக்கருவிகளுக்கெனவே ஆக்கப்பட்ட சுய விளையாட்டுகள் இல்லாமலில்லை. எனினும் கருவியை வாங்கத் தூண்டியவை அவையல்ல.

2015 இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி வெளிவந்த ஆர்டுபோய் இதற்கு மாறானது. பற்றுச்சீட்டு அட்டையளவேயான அக்கருவிக்கு எட்டு பிட் சில்லும், 32 கிலோபைற் நிரல் நினைவகமும், 128க்கு 64 புள்ளிகளாலான கறுப்புவெள்ளைத் திரையுமே உண்டு. பெருங்கம்பனியோடு போட்டியிடும் எண்ணமே அதற்கில்லை. பழைய கருவிகளின் விளையாட்டுகளை அது தாங்காது. எனவே அதற்கென்றே புதியவை எழுதப்பட்டன, அவற்றுட் பலவற்றின் மூலநிரல் வெளிப்படையாகவே வழங்கப்பட்டது. சிறு மூலதனத்தின் எல்லையை அறிந்து அதனுள் நின்றமையே அதன் வெற்றிக்குக் காரணம் எனலாம்.

பண்டோராவின் வழிவந்த பைரா இப்பாடத்தைக் கற்றதாகத் தெரியவில்லை. கழற்றி மாற்றத்தக்க சில்லுப் பலகை, முழு விசைப்பலகை, கணினியின் பயன் யாவும் கையளவிற் கிட்டும் என்ற அதே பேராவல் அங்கும் காணப்படுகின்றது. அதன் சில்லை ஆக்கிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2012 இலேயே கைத்தொலைபேசிச் சில்லுத் துறையிலிருந்து விலக முடிவுசெய்துவிட்டது. முற்பதிவு தொடங்கியது 2016 இல். முதற் கருவிகள் வாங்கியோர் கையை அடைந்தது 2020 இன் இறுதியில்.