பச்சாத்தாப முக்காலி

ஸ்காட்லாந்துப் பிடில்காரர்கள் பரம்பரையாக வாசித்துவரும் ஜிக் ஒன்றுக்கு ‘ஸ்டூல் ஆஃப் ரிப்பென்டன்ஸ்’ என்று பெயர். தமிழில் பச்சாத்தாப முக்காலி எனலாம். பெயரைக் கேட்டுவிட்டு அழுகை மெட்டு என்று எண்ணினால் ஏமாந்து போவோம். தகிட தகிட என்று துள்ளி ஓடுகிற நாட்டிய மெட்டு அது. கேட்டவர் கால் சும்மா இராது.

முக்காலி நிஜமாகவே இருந்தது. 1560-ல் மதச் சீர்திருத்தம் வந்தபின், ஸ்காட்லாந்து சர்ச்சுகளில் ஒழுக்கம் தவறியவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊரார் எதிரே அதில் உட்காரவைத்துப் பாதிரியார் கண்டிப்பார். கல்யாணத்துக்கு முந்திய கர்ப்பம்தான் அநேகமாகக் குற்றம். 1786-ல் கவி ராபர்ட் பர்ன்ஸும் ஜீன் ஆர்மர் என்ற பெண் விஷயமாக, மாக்லின் ஊர் சர்ச்சில் இப்படிக் கண்டனம் கேட்டார். (முக்காலி ஏறாமல் தம் இடத்திலேயே நிற்க அனுமதி கிடைத்ததாம்.) அவருடைய முதல் புஸ்தகம் அச்சாகி வந்ததும் அந்தக் கோடையில்தான்.

இத்தனை நல்ல கதை கையில் கிடைத்தால் விமர்சகனுக்குச் சபலம் தட்டாதா? முக்காலியில் இருப்புக்கொள்ளாமல் நெளிகிற பாவியைத்தான் மெட்டு வர்ணிக்கிறது என்று எழுதிவிடலாம். தண்டனை பெற்ற பிடில்காரன் எவனோ பாதிரியாரைப் பழிவாங்கினான் என்றும் சொல்லலாம். நாவலுக்குப் பின்னால் ‘உண்மைச் சம்பவம்’ தேடி எனக்குக் கடிதம் எழுதுகிற வாசகர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் அந்த நாட்டில் மெட்டுக்கும் பெயருக்கும் உள்ள பந்தம் மிகவும் தளர்ச்சியானது. வில்லியம் மார்ஷல் (1748–1833) என்பவர் கார்டன் டியூக்கிடம் பட்லராக இருந்தவர். பிடில் மெட்டு அமைப்பதில் மேதை. அவர் மெட்டுகளைப் பிறர், முக்கியமாகப் பிரசித்தி பெற்ற நீல் கௌவின் குடும்பத்தார், வேறு பெயர் சூட்டித் தங்கள் தொகுப்புகளில் அச்சிட்டுக்கொண்டார்கள். ‘மிஸ் அட்மிரல் கார்டன்’ என்று ஒரு சீமாட்டிக்கு மரியாதையாக மார்ஷல் பெயரிட்ட மெட்டுக்கு 1788-ல் பர்ன்ஸ் ஒரு காதல் பாட்டு எழுதினார். யார் மேல்? அதே ஜீன் ஆர்மர் மேல். அதற்குள் அவள் அவர் மனைவி. இன்று பலருக்கு அந்த மெட்டு பர்ன்ஸின் பாட்டாகத்தான் தெரியும். சீமாட்டி மறைந்துபோனாள். மார்ஷலும் கொஞ்சம் மறைந்துதான் போனார்.

ஆகையால் நம் ஜிக்குக்குப் பெயர் வைத்தவன்தான் அதைப் பிறப்பித்தவன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பெயர் மெட்டின் ஜாதகமாகாது. ஆனாலும் அது ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. ஊரே நடுங்கிய ஒரு தண்டனையின் பெயரைச் சொல்லி வாசிக்கச் சொன்னவர்களும், கைகோத்து ஆடியவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். ஞாயிறு காலை முக்காலியில் இருந்தவளை வேடிக்கை பார்த்தவர்களும் அவர்களே. அடுத்த ஞாயிறு யார் முறையோ!