பிறெய்ரேயும் பரீட்சைத்தாளும்

பாவுலோ பிறெய்ரேயின் 'ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை' அவர் சிலியில் புகலிடம் தேடி வாழ்ந்தபோது எழுதிய நூல். 1970இல் ஆங்கிலத்தில் வந்தது. மேற்கத்தையப் பல்கலைக்கழகங்களில் சமூகநீதி பற்றிய பல பாடநெறிகளில் இன்று அது இருக்கிறது. மாணவரை உண்டியலாக்கி அறிவைப் போட்டு நிரப்புவதே வழமையான கல்வி என்று சாடியவர் அவர். அந்தச் சாடலையே மனனம் செய்து ஒப்புவித்தால் இப்போது நல்ல புள்ளி கிடைக்கிறது!

1963இல் பிறேசிலின் அங்கிகோஸ் ஊரில் சுமார் 300 தொழிலாளருக்கு அவர் முறையில் எழுத்தறிவிக்கப்பட்டது. எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அங்கு அன்று வாக்குரிமை இல்லை. எழுத்தோடு வாக்கும் வந்தது. மறு ஆண்டு ஆட்சியைப் பிடித்த இராணுவம் அவரைச் சிறையிலிட்டது. இங்கு கட்டுரை எழுதும் மாணவருக்குப் புள்ளியைத் தவிர இழக்க என்ன இருக்கிறது?

நூலிலும் ஒரு வசதி உண்டு. ஒடுக்குவோர், ஒடுக்கப்படுவோர் என்ற இரு பக்கங்களே அதில் தூக்கலாகத் தெரிகின்றன. ஒடுக்குபவன் ஒடுக்கப்பட்டவனுக்குள்ளும் குடியிருக்கிறான் என்று பிறெய்ரே சொல்லாமலில்லை. ஆனால் அதன் ஆண்மொழியை, அவரை மிகவும் மதித்த பெல் ஹூக்ஸே 1994இல் விமர்சித்தார். எமது பிள்ளைகள் நிறவாதம் பற்றி நன்றாகவே எழுதுகிறார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் யார் யாரை மறித்தார்கள்? அந்தக் கேள்வியை எந்தப் பாடநெறியும் அவர்களிடம் கேட்காது. வீட்டில் நாங்களும் கேட்க விடுவதில்லை.